நடு பெடல்

ஸ்டார்ட் பண்ணாதீங்க தம்பி. ஹேண்டில்ல இருந்து கைய எடுத்துப்போட்டு இந்தப் பக்கமா வாங்க. கோவிச்சுக்காதீங்க. உங்க வண்டிதான், நான் இல்லீங்கல. ஆனா மெக்கானிக் ரவூப் பாய் உங்கள எங்கிட்ட அனுப்புனாருன்னா, வண்டி ஓட்டிக் காட்டறதுக்கு அனுப்பியிருக்க மாட்டாரு. நான் ஓட்டறதில்லைன்னு அவருக்குத் தெரியும். ரெண்டு வருசமா ஒரு மொபெட்டக்கூட தொடலீங்க. கறிக்கடைக்கும் நடைதான், கல்யாணத்துக்கும் பஸ்தான். பஸ்ஸுலயும் முன்னாடி சீட்டுல உக்கார மாட்டேன். டிரைவரு கால் கண்ணுல படற எடத்துல உக்கார மாட்டேன்.

உக்காருங்க. அந்தச் சேர இழுத்துப் போட்டுக்குங்க. வெயில் தாழட்டும்.

முப்பத்தேழாம் வருசத்துக் காருங்களா? என்ற வண்டி முப்பத்தஞ்சு. உலகச் சண்டைக்கு முன்னாடி வந்த வண்டிக எல்லாத்துக்கும் ஒரே குணம்தானுங்க, மேல பெயின்ட்டப் பாத்து நம்பக் கூடாது. நீங்க இப்ப இஞ்சினச் சுத்தி உடற ஹேண்டிலப் புடிச்சீங்க பாருங்க, கட்டை விரல அந்தப் பக்கம் சுத்திப் புடிச்சீங்க. இஞ்சின் திருப்பி உதைச்சா அந்த விரல் இன்னிக்கு ஒடிஞ்சிருக்கும். அஞ்சு விரலும் ஒரே பக்கம் இருக்கோணும். பல் டாக்டருங்கறீங்க, விரல் இல்லாம என்ன பண்ணுவீங்க? பொறகு அந்தக் கதவு. இப்பத்த வண்டி மாதிரி முன்னாடி கீல் இல்ல, பின்னாடி கீல். ஓடறப்ப கொஞ்சம் தொறந்துக்கிச்சுன்னா காத்து உள்ள பூந்து பிச்சுப்போடும். ஆளு சாஞ்சு உக்காந்திருந்தா ஆளும் வெளிய. உள்ளுக்கு மரச்சட்டம், தட்டிப் பாத்தீங்களா? என்ற வண்டியில பாதிச் சட்டத்தக் கரையான் தின்னுபோட்டுது. மேல தகரம் மினுமினுன்னு நிக்குது, உள்ள மண்ணு. கோபி பக்கம் ஒரு நெல்லு மில்லுக் கொட்டகையில கோழி அடைஞ்சு கெடந்த வண்டி அது.

இதெல்லாம் சின்ன பயமுங்க. இத ஒரு நாளுல சொல்லிக் குடுத்துப்போடலாம். நான் உங்கள நிறுத்துனது அதுக்கில்ல.

நான் ஆருன்னு பாய் சொன்னாரா? பேரு நாச்சிமுத்து. கவர்மெண்ட் பஸ்ஸுல முப்பத்தோரு வருசம். அதுல பத்தொன்பது வருசம் கோயமுத்தூர்ல இருந்து சத்தி வழியா மைசூரு. திம்பம் மலை தெரியுமுங்களா? இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. மழை, பனி, யானை, கரும்பு லாரி, எல்லாம் பாத்தாச்சு. முப்பத்தோரு வருசத்துல ஒரு கோழிய அடிச்சதில்லீங்க நான். ஒரு கோழி. மெடல் குடுத்திருக்காங்க, உள்ள ஷோகேஸ்ல இருக்குது, பொறகு காட்டறேன். இல்ல, வேண்டாம். அத இப்பெல்லாம் ஆருக்கும் காட்டறதில்ல.

ரிடையர் ஆனதும் என்ற சம்சாரம் துளசிமணி, இனியாவது கோயில் குளம்னு போலாம்னா. நான் போயி இந்த வண்டிய வாங்கியாந்து நிறுத்துனேன். சின்ன வயசுல இருந்து ஆசைங்க. அடுத்தவன் வண்டியவே ஓட்டியிருக்கறோம், நம்ம பேருல ஒண்ணு, அதுவும் ஊரே திரும்பிப் பாக்கற மாதிரி ஒண்ணு. உக்கடத்துல ரவூப் பாய் பட்டறையில எட்டு மாசம் கெடந்துது. சட்டம் மாத்துனாரு, பிரேக்குக்கு ஒவ்வொரு கம்பியா உருவி மாட்டுனாரு. இந்தக் காலத்து வண்டி மாதிரி எண்ணெய்ல புடிக்கற பிரேக் இல்லீங்க அது, கம்பி இழுத்துப் புடிக்கறது. நாலு சக்கரமும் ஒரே மாதிரி புடிக்க வெக்கறதுக்குள்ள மனுசனுக்குக் கண்ணு பூத்துப்போயிரும். பாய் வெச்சாரு.

எல்லாம் முடிச்சு என்னய உள்ள உக்கார வெச்சு, குனிஞ்சு பெடலத் தொட்டுக் காட்டுனாரு. "அண்ணா, இதப் பாருங்க. எடது கிளட்ச். இதுல ஒண்ணுமில்ல. வலது ஓரம் பிரேக். நடுவுல இருக்கறது ஆக்சிலேட்டரு."

உங்க வண்டியும் அப்பிடித்தான? குனிஞ்சு பாத்தனே நான், நீங்க வந்து எறங்குன ஒடனே மொதல்ல அதத்தான் பாத்தேன். இப்ப ஓடற எல்லா வண்டியிலயும் நடுவுல பிரேக், வலது ஓரம் ஆக்சிலேட்டரு. அந்தக் காலத்துல சில வண்டிக்கு அப்படியே மாத்திப்போட்டு வெச்சிருக்கான். எந்தப் புண்ணியவான் வெச்சானோ.

பாய் சொன்னாரு, "வேணும்னா மாத்திக் குடுத்துடறேன்ணா. ரெண்டு நாள் வேலை. நெறைய பேரு மாத்திக்கறாங்க." நான் சிரிச்சேன். "பாய், திம்பத்துல பஸ் எறக்குனவன் கால் இது. மூணு பெடல் எங்க இருக்குன்னு அதுக்குப் பாடம் எடுக்கறீங்களா? ஒரிஜினலா இருக்கட்டும். ஒரிஜினல மாத்துனா வண்டிக்கு என்ன மருவாதி?" அவரு மறுக்கா ஒரு வாட்டி சொன்னாரு. நான் அதுக்கும் சிரிச்சேன்.

ஏழு மாசம் ஓட்டுனனுங்க. ஒரு தடவை தப்பல. அவிநாசி போனேன், பேரூர் போனேன், பொழுதோட காத்து வாங்க வாளையார் வரைக்கும் போனேன். எறங்கறப்ப எல்லாரும் போட்டோ எடுப்பாங்க. புத்தி முழிச்சிருக்கறவரைக்கும் கால் சரியா போச்சுங்க. அதுதான் விசயம். புத்தி முழிச்சிருக்கறவரைக்கும்.

ஆவணி மாசம். துளசியோட அண்ணன் மகன் கௌதமனுக்குக் கல்யாணம், அன்னூர்ல. மாப்பிள்ளை அழைப்புக்கு மாமாவோட வண்டிதான் வேணும்னு அவன் புடிச்ச புடி. எனக்கும் நெம்பப் பெருமை. காத்தால இருந்து பூக்கட்டி, மேல் டாப்ப மடிச்சு, மாப்பிள்ளையப் பின்னாடி நிக்க வெச்சு, சாயங்காலம் அஞ்சரைக்குப் பிள்ளையார் கோயில்ல இருந்து மண்டபத்துக்குப் பொறப்பட்டோம். எச்சா தூரம் இல்ல, அரைக் கிலோமீட்டர். ஆனா நடக்கற வேகத்துல போகோணும். முன்னாடி பொம்பளைங்க சீர்த்தட்டோட. அவங்களுக்குப் பின்னால நாதஸ்வரம் ரெண்டு பேரு, தவில் ரெண்டு பேரு. அதுக்குப் பின்னால என்ற பானட்டு.

அதுல ஒரு தவில்காரரு பொன்னுரங்கம். அப்ப அவரு பேரு எனக்குத் தெரியாது. கோவில்பாளையத்துக்காரரு, என்ற வயசுதான் இருக்கும், வெத்தலை போட்ட வாயி. அவரு மாப்பிள்ளையப் பாத்துத் திரும்பிக்கிட்டு, பின்னுக்கு நடந்துக்கிட்டே வாசிச்சாரு. அப்ப அவரு மூஞ்சி என்னயப் பாத்துத்தான் இருந்துது, அஞ்சாறு அடி தூரத்துல. தனி ஆவர்த்தனம் மாதிரி எடுத்தாரு பாருங்க, தெருவே நின்னுபோச்சு. நானும் ஸ்டீரிங்குல விரலால தட்டிக்கிட்டிருந்தேன்.

இஞ்சின் சூடேறிக்கிட்டே இருந்துது. பர்ஸ்ட் கியர்ல கிளட்ச்ச மிதிச்சு மிதிச்சு எடது கால் மரத்துப்போச்சு. சட்டையெல்லாம் வேர்வை. ரோடு மண்டபத்துப் பக்கமா கொஞ்சம் எறக்கம். அப்ப ரேடியேட்டர் மேல சுத்தியிருந்த பூச்சரம் அவுந்து கீழ உழுந்துது. துளசி தட்டு வரிசையில இருந்து திரும்பி வந்து, சக்கரத்துல மாட்டிக்கும்னு அத எடுக்கக் குனிஞ்சா.

அவ தலை பானட்டுக்குக் கீழ போச்சுங்க. பட்டுச் சேலை மறைஞ்சுது. வண்டி இன்னும் உருண்டுக்கிட்டிருக்குது.

நிறுத்தோணும்.

மிதிச்சேன்.

வண்டி நிக்கல, பாஞ்சுது. நிக்கலையேன்னு இன்னும் ஓங்கி மிதிச்சேன். ஏறி நின்னு மிதிச்சேன். மிதிக்க மிதிக்க வண்டி கத்துது, தம்பி. முப்பத்தோரு வருசம் அந்தக் காலு எப்ப மிதிச்சாலும் வண்டி நின்னுதுங்க. அது நிக்காதுன்னு அதுக்குத் தெரியல. நிக்கலைன்னா இன்னும் மிதின்னுதான் அதுக்குத் தெரியும். ஸ்டீரிங்க எடது பக்கம் ஒடிச்சேன். துளசி வலது பக்கம், அதனால எடது பக்கம் ஒடிச்சேன். ஆளுக சிதறி ஓடறாங்க. பின்னாடி மாப்பிள்ளை என்ற முதுகு மேல உழுந்தான். ஒரு காம்பவுண்டு சுவரு. டமால்னு ஒரு சத்தம். இஞ்சின் நின்னுபோச்சு.

மூணு நொடி. நாலு நொடிகூட இருக்காது.

மொதல்ல நான் பாத்தது துளசிய. ரோட்டுல கையில பூச்சரத்தோட உக்காந்திருந்தா. சேலை முந்தானையில மட்டும் டயரு தடம். பொறகுதான் எடது பக்கம் பாத்தேன். ஹெட்லைட்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல பொன்னுரங்கத்தோட வலது கை. தவில் உருண்டுபோயி சாக்கடை ஓரமா கெடந்துது. அவரு கத்தல. கத்தியிருந்தாப் பரவால்லைன்னு இன்னிக்கும் தோணுது. வாயத் தொறந்துக்கிட்டு என்னயவே பாத்துக்கிட்டிருந்தாரு.

நான் வண்டியில நின்னுக்கிட்டு, "பிரேக் புடிக்கல, பிரேக் புடிக்கல"ன்னு கத்துனேன்.

பொய் சொல்லலீங்க. அப்ப சத்தியமா அப்பிடித்தான் நெனச்சேன். அத நீங்க நம்போணும்.

அவர ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. போலீஸுக்குப் போகல. வைத்தியம் பாக்கற பொறுப்ப ரெண்டு ஊட்டுக்காரங்களும் ஏத்துக்கிட்டாங்க. கல்யாணத்த நிறுத்தக் கூடாதுன்னு காலையில தாலியும் கட்டியாச்சு. எல்லார் வாயிலயும் ஒரே பேச்சு. பிரேக் போயிருச்சு, பழைய வண்டி, எந்த மெக்கானிக் பாத்தான், உக்கடத்து பாயாமா. மச்சான், துளசியோட அண்ணன், சொன்னாரு, "நாச்சிமுத்து கையில இருந்ததால இதோட போச்சு. வேற ஆராச்சும் ஓட்டியிருந்தா பத்து உசுரு போயிருக்கும்." எல்லாரும் தலையாட்டுனாங்க. நானும் தலைய ஆட்டுனனுங்க.

மறுநாள் பாய் வந்தாரு. தகவல் சொன்ன அர மணி நேரத்துல பொறப்பட்டு வந்திருக்காரு, சட்டை மாத்தாம. கல்யாண ஊட்டு ஆளுக சுத்தி நின்னு கண்டபடி கேட்டாங்க. அவரு நேரா வண்டியில ஏறி ஸ்டார்ட் பண்ணி, ரிவர்ஸ் எடுத்து, பத்தடி முன்னால ஓட்டி பிரேக்க மிதிச்சாரு. கச்சிதமா நின்னுது. மறுக்கா ஒரு வாட்டி. நின்னுது. எறங்கி எங்கிட்ட வந்து மெல்லமா, "அண்ணா, கால எங்க வெச்சீங்க?"ன்னாரு.

எனக்குச் சுருக்குனு கோவம் வந்துருச்சு. "என்ன பாய் இப்பிடிக் கேக்கறீங்க? நடு பெடல்லதான். ஏறி நின்னு மிதிச்சேன். புடிக்கவே இல்ல"ன்னேன்.

அவரு என்னயப் பாத்தாரு. கையில ஒரு துணி வெச்சிருந்தாரு, அதுல ஒவ்வொரு விரலாத் தொடச்சாரு. சுத்தி நின்னவங்களுக்குப் பெடல் கணக்கெல்லாம் தெரியாது. "சரிங்கண்ணா"ன்னு சொல்லிப்போட்டு, வண்டிய ஓட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

அன்னிக்கு ராத்திரி ஊட்டுக்கு வந்து சாப்பிட உக்காந்தேன். துளசி ரசம் ஊத்தறா. நான் சோத்துல கை வெச்சுக்கிட்டு, டேபிளுக்கு அடியில சும்மா கால ஆட்டிக்கிட்டிருந்தேன். எடது, நடு, வலது. எடது, நடு, வலது. அப்பத்தானுங்க. நடு பெடல்னு சொன்னனே. ரவூப் பாய்கிட்ட நானே என்ற வாயால நடு பெடல்னு சொன்னனே. சோத்துல வெச்ச கைய எடுத்துட்டேன். "என்னங்க, ரசம் சூடா?"ன்னா துளசி. ஆமான்னேன்.

அன்னிக்குப் புடிச்ச பயமுங்க தம்பி.

போன் அடிச்சாப் பயம். வாசல்ல பைக் சத்தம் கேட்டாப் பயம். பாய் சொல்லிப்போடுவாரு, இன்னிக்குச் சொல்லிப்போடுவாரு, நாளைக்குச் சொல்லிப்போடுவாரு. ஆனா அவரு போனே பண்ணல. அது அதவிடப் பயம். படுத்தா வலது கால் தானா உதைச்சுக்கும். ஒரு நாளு துளசி, "ஏனுங்க, கனவுல என்ன மிதிக்கறீங்க?"ன்னு எழுப்புனா. டிப்போ ஆளுகெல்லாம் பாக்க வந்தாங்க. "நாச்சிமுத்தண்ணன் காலுக்கே பிரேக் புடிக்கலைன்னா அந்த பாய் என்ன வேலை பாத்திருப்பான்"னு பேசிக்கிட்டாங்க. கேக்க எனக்கு ஒரு பக்கம் குளுகுளுன்னு இருந்துது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். அவங்க போனதும் பாத்ரூம்ல போயி வாந்தி எடுத்தேன்.

ஆஸ்பத்திரிக்கு ஒரு வாட்டி போனேன். ஆரஞ்சு, ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிக்கிட்டு. பொன்னுரங்கம் கையில மொழங்கை வரைக்கும் கட்டு. மணிக்கட்டுல ரெண்டு எலும்பு, விரல்ல மூணு. வலது கை விரலுக்குத்தான் தவில்காரங்க கூடு மாட்டி அடிப்பாங்க. அவரு என்னய உக்காரச் சொன்னாரு. "பிரேக் போயிருச்சாங்க?"ன்னு கேட்டாரு.

நான் ஜன்னலப் பாத்துக்கிட்டு, "ஆமாங்க"ன்னேன்.

"ம்"முன்னாரு. அவ்வளவுதான்.

அப்ப பொய்ன்னு தெரிஞ்சே சொன்னது அது. மொதல்ல சொன்னது வேற, இது வேற. நானும் எனக்குள்ளயே எத்தனையோ விதமாச் சொல்லிப் பாத்துட்டேன். பெடல அப்பிடி வெச்சவன் தப்பு, பூச்சரத்தக் கட்டுனவன் தப்பு, எறக்கத்துல கல்யாண மண்டபம் கட்டுனவன் தப்பு. துளசி எதுக்கு வரிசைய உட்டுப்போட்டு வந்தான்னுகூட நெனச்சேன். கேவலமா இருக்குதுல்ல? நெனச்சேன்.

ரெண்டு மாசம் போச்சு. பாய் பட்டறையில பழைய வண்டி அஞ்சாறு நிக்கும் எப்பவும். ஒவ்வொருத்தரா எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். ஒரு கண் டாக்டரு தன்ற வண்டிய லாரியில ஏத்திப் பெங்களூருக்கே அனுப்பிப்போட்டாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சும்மா இருந்தேன்.

அப்ப ஒரு நாளு துளசி சேலை மாத்திக்கிட்டுப் பொறப்பட்டா. "எங்க?"ன்னேன். "உக்கடத்துக்கு. அந்த பாய நாக்கப் புடுங்கற மாதிரி நாலு வார்த்தை கேட்டுப்போட்டு வாரேன். நீங்க ஒடம்பு எளைச்சுப் பாதியாப் போயிட்டீங்க, அந்த மனுசன் ஒரு எட்டு வந்து பாத்தானா?"ன்னா. நான் தடுத்திருக்கோணும். அவ போற வரைக்கும் கதவப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.

மூணு மணி நேரம். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். சொல்லிப்போடுவாரு. பொம்பளை போயி சட்டையப் புடிச்சுக் கேட்டா எவன் சும்மா இருப்பான்? வந்தா. செருப்பக் கழட்டிப்போட்டு உள்ள போயி தண்ணி குடிச்சா. மூஞ்சியப் பாத்தா ஒண்ணும் தெரியல.

"என்ன சொன்னாரு?"ன்னேன்.

"ஒண்ணுமே சொல்லலைங்க. நான் கத்தி முடிக்கற வரைக்கும் நின்னு கேட்டாரு. டீ வாங்கியாரச் சொன்னாரு. வரப்ப, 'அக்கா, அண்ணன் நல்லாத் தூங்கறாங்களா?'ன்னு கேட்டாரு. எனக்கு என்னமோ மாதிரி ஆயிப்போச்சு. அதுக்கு மேல கத்த முடியல."

நான் அப்படியே தரையில உக்காந்துட்டனுங்க.

சொல்லிப்போட்டேன். எல்லாத்தையும். எந்தப் பெடல்னு அவளுக்குப் புரியறதுக்கு மூணு டம்ளரக் கவுத்து வெச்சுக் காட்டுனேன். அவ அந்த நடு டம்ளரத் தொட்டுப் பாத்தா. பொறகு கேட்டா, "அப்ப நான் அந்த பாயப் போயி திட்டுனது?" நான் டம்ளர நிமித்தி வெச்சேன். "எந்திரிங்க"ன்னா. "எங்க?" "மொதல்ல தவில்காரரு ஊட்டுக்கு."

கோவில்பாளையத்துக்கு பஸ்ஸுல போனோம். சத்தி ரோடுங்க அது. பத்தொன்பது வருசத்துல ஆயிரக்கணக்கான வாட்டி போன ரோடு. எல்லா ஸ்டாப்புலயும் எறங்கி ஓடிரலாமான்னு தோணுச்சு. துளசி என்ற கைய உடவே இல்ல. பாசத்துல இல்லீங்க, புடிச்சு வெச்சிருந்தா.

பொன்னுரங்கம் வாசல்ல கட்டில்ல உக்காந்து ஒரு ரப்பர் பந்த அமுக்கிக்கிட்டிருந்தாரு. கட்டுப் பிரிச்சாச்சு. விரலு பாதிதான் மடங்குது. நான் நின்னுக்கிட்டே சொன்னேன். "பிரேக் போகலீங்க. நான் பெடல மாத்தி மிதிச்சுட்டேன்."

அவரு பந்த அமுக்கறத நிறுத்தல. "தெரியுமுங்க"ன்னாரு.

எப்பிடிங்கன்னேன்.

"நான் உங்களப் பாத்துக்கிட்டுத்தான வாசிச்சேன். பிரேக் போன வண்டி உருண்டு வருமுங்க. உங்க வண்டி உறுமிக்கிட்டு வந்துது. நாப்பது வருசம் தவில் வாசிச்சவனுக்குச் சத்தம் ஏறுதா எறங்குதான்னு தெரியாதா? நீங்க ஸ்டீரிங்க ஒடிச்சதும் பாத்தேன். இந்த அம்மா அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். எம் பக்கம் ஒடிச்சீங்க."

துளசி கை என்ற கையில இருந்து நழுவுச்சு. அது அவளுக்குத் தெரியாது. அத மட்டும் நான் சொல்லியிருக்கல.

"அதக் குத்தம்னு சொல்ல மாட்டேன்"னாரு அவரு. "எம் பொண்டாட்டி நின்னிருந்தா நானும் அப்பிடித்தான் ஒடிச்சிருப்பேன். காலு மாறிப்போனதும் குத்தம் இல்ல. ஆனா ஆஸ்பத்திரியில வெச்சு நான் கேட்டேன். நீங்க சொல்லோணும்னுதான் கேட்டேன். ஜன்னலப் பாத்துக்கிட்டு ஆமாங்கன்னீங்க பாருங்க. கை ஒடைஞ்சப்ப கத்தாதவன், அன்னிக்கு நீங்க போனதுக்கு அப்புறம் அழுதேன்."

மன்னிச்சுக்கோங்கன்னேன். கும்புட்டேன். அவரு மொகத்தத் திருப்பிக்கிட்டாரு.

"எங்கிட்ட வேண்டாமுங்க. ஆளு இல்லாத எடமாப் பாத்து எங்கிட்ட சொல்ல வந்திருக்கீங்க. அந்த மெக்கானிக்க நாலு பேரு முன்னாடி பேசுனாங்கல்ல, நாலு பேரு முன்னாடி போயி சொல்லுங்க."

ஞாயித்துக்கிழமை பாய் பட்டறைக்குப் போனேன். பழைய வண்டி வெச்சிருக்கறவங்க அன்னிக்குத்தான் கூடுவாங்க. முன்ன இருவது பேரு வருவாங்க, அன்னிக்கு ஏழெட்டுப் பேருதான். டிப்போ ஆளுக ரெண்டு பேத்தையும் மச்சானையும் நானே கூட்டிக்கிட்டுப் போனேன். நடுவுல நின்னு சொன்னேன். பாதியில நிறுத்தி, மறுக்கா மொதல்ல இருந்து சொன்னேன். "பிரேக்குல ஒரு குத்தமும் இல்ல. பாய் பெடல மாத்தித் தாரேன்னாரு, ரெண்டு வாட்டி சொன்னாரு, நான் சிரிச்சேன். மிதிச்சது ஆக்சிலேட்டர." மச்சான் என்னயப் பாக்காம வெளிய போயிட்டாரு. டிப்போ ஆளு ஒருத்தன், "முப்பத்தோரு வருசம்…"னு ஆரம்பிச்சான்.

பாய் ஒரு ஸ்டூலத் தொடைச்சுப் போட்டாரு. "உக்காருங்கண்ணா. வண்டிய எப்ப எடுத்துக்கறீங்க?"

"வேண்டாம் பாய். என்னால முடியாது."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. புதுசா இந்த மாதிரி வண்டி வாங்கறவங்கள உங்ககிட்ட அனுப்பறேன். நான் சொன்னா ஆரும் கேக்க மாட்டேங்கறாங்க. நீங்களே கேக்கல."

அப்பிடித்தானுங்க நீங்க இங்க வந்தது. உங்களோட சேத்து ஒம்போது பேரு. பாய்க்கு வேலையெல்லாம் திரும்பி வந்துருச்சு. கண் டாக்டரு மட்டும் வரல. பொன்னுரங்கம் இப்ப நாதஸ்வரச் செட்டுல தாளம் போடறாரு, தவில் தொடறதில்ல. சத்தி பஸ் ஸ்டாண்டுல ரெண்டு வாட்டி பாத்தேன். தலைய ஆட்டுவாரு. பேச மாட்டாரு. அத நான் எதிர்பாக்கவும் கூடாது. துளசியும் அந்தப் பூச்சரத்தப் பத்தி ஒரு வார்த்தை பேசறதில்ல.

சிரிக்கறீங்க. இல்ல, லேசாச் சிரிச்சீங்க, நான் பாத்தேன். எனக்குத் தெரியுமுங்க அந்தச் சிரிப்பு. இந்தாளுக்கு வயசாயிருச்சு, நமக்கு முப்பத்தாறுதான், நமக்கு அப்பிடி ஆகாது. வாங்க. எந்திரிங்க. வண்டியில ஏறி உக்காருங்க. சாவி எங்கிட்ட குடுங்க, இஞ்சின் வேண்டாம். நான் இப்பிடிப் படியில நின்னுக்கறேன். உள்ள உக்கார மாட்டேன், கேக்காதீங்க.

கால் பெடல் மேல இருக்கட்டும். எது எதுன்னு சொல்லுங்க. எடது கிளட்ச், நடுவுல ஆக்சிலேட்டரு, வலது பிரேக். சரி. மறுக்கா சொல்லுங்க. சரி. இப்ப கண்ண மூடிக்குங்க. ரோட்டுல போயிட்டிருக்கீங்க. சாயங்காலம். சும்மா பேசிக்கிட்டே போங்க. ஆஸ்பத்திரி எங்கன்னீங்க? சாய்பாபா காலனியா. ஊட்டுல ஆரு ஆரு இருக்காங்க? பொண்ணா? என்ன வயசு? நாலா. பள்ளிக்கோடம் போறாளா? பேரு என்னங்க பாப்பாவுக்கு? மகிழினி. நல்ல பேரு. ஆரு வெச்சது, நீங்களா, உங்க சம்சார…

ஐயோ, பாப்பா! குறுக்க பாப்பா!

கண்ணத் தொறங்க. கால எடுக்காதீங்க. அப்படியே வெச்சுக்கிட்டுக் குனிஞ்சு பாருங்க.

எதுமேல இருக்குதுங்க கால்?

எறங்குங்க தம்பி. பரவால்ல, மெதுவா எறங்குங்க, என்ற கையப் புடிச்சுக்குங்க. ஒம்போது பேருல ஏழு பேருக்குக் கால் அங்கதான், நடுவுலதான் போச்சு. வண்டி இங்கயே நிக்கட்டும். பாய்க்கு நான் போன் பண்ணறேன். நாளைக்குக் காத்தால வந்து கயிறு கட்டி இழுத்துக்கிட்டுப் போயி பெடல மாத்திக் குடுப்பாரு. ஒரிஜினல் போனாப் போகட்டும். உங்களுக்கு ஆட்டோ சொல்லறேன்.

உக்காருங்க, உக்காருங்க. நானும் உக்காந்துக்கறேன். துளசி! ரெண்டு சொம்பு தண்ணி கொண்டா.